ஐரோப்பியக் குடியுரிமை என்றால் என்ன? அதில் இளைஞர்களுக்கு என்ன வேலை?

2024 ஏப்ரல் 19 அன்று புதுச்சேரி மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்தது. அதே ஊரில் பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த சில ஆயிரம் பேருக்கு அன்று விரலில் மை வைக்கவில்லை. அவர்களுக்கான தேர்தல் ஜூன் மாதம் வந்தது. பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தின் ஏற்பாட்டில் அவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. 1954இல் பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1962 ஆகஸ்டில் அந்த ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்கலாம் என்று ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்கள் உட்படப் பலர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள். அதனாலேயே ஐரோப்பியக் குடிமக்களும்கூட. ஐரோப்பாவில் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவரும் இந்தக் கணக்கில் சேர்வார்.

மறுபக்கம், பாரிஸில் இருபது ஆண்டுகளாக உணவகம் நடத்தி, வரி கட்டி, பிள்ளைகளை அங்கேயே படிக்க வைக்கும் ஓர் இலங்கைத் தமிழர் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தால், அவர் ஐரோப்பியக் குடிமகன் இல்லை.

இந்த இரண்டு பேரையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மீதி எல்லாம் சுலபம்.

முதலில், எதுவெல்லாம் இது இல்லை

நம் பேச்சில் ‘யூரோப் பாஸ்போர்ட்’ என்று ஒன்று அடிக்கடி வரும். “அவனுக்கு யூரோப் பாஸ்போட் கிடைச்சிட்டுதாம்” என்று கல்யாண வீட்டில் சொல்வார்கள். அப்படி ஒரு கடவுச்சீட்டை யாரும் அச்சடிப்பதில்லை. பிரெஞ்சுக் கடவுச்சீட்டின் அட்டையைப் பாருங்கள். மேலே ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்றும், அதன் கீழே ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்றும் பிரெஞ்சு மொழியில் இருக்கும். கொடுப்பது கீழே உள்ளவர். மேலே உள்ளவர் பெயர் மட்டும் போடுகிறார். கிட்டத்தட்ட எல்லா உறுப்பு நாடுகளும் அட்டைக்கு ஒயின் சிவப்பு நிறத்தை வைத்திருப்பதால் ஒரே கடவுச்சீட்டு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். குரோவேஷியா மட்டும் பிடிவாதமாகக் கருநீலத்தில் அச்சடிக்கிறது.

அடுத்த குழப்பம் ஷெங்கன். எல்லையில் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போகச் சில நாடுகள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அயர்லாந்து ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. ஆகவே சூரிச்சிலோ ஆஸ்லோவிலோ அந்த நாட்டுக் கடவுச்சீட்டு வாங்கிய தமிழர் ஐரோப்பியர்தான், ஆனால் நாம் பேசும் பொருளில் ஐரோப்பியக் குடிமகன் அல்ல. யூரோ நாணயமும் இதற்கு அடையாளம் ஆகாது. டென்மார்க்கிலும் சுவீடனிலும் யூரோ கிடையாது, குடியுரிமை உண்டு.

ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகள் சேர்ந்து, சில விஷயங்களில் பொதுச் சட்டம் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்ட அமைப்பு. அந்த 27இல் ஒன்றின் குடிமகனாக இருப்பவருக்குக் கூடவே வரும் இரண்டாவது அடுக்குதான் ஐரோப்பியக் குடியுரிமை. 1992 பிப்ரவரியில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் இதை உருவாக்கியது. 1993 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது இது நம்மில் பலரை விட இளையது.

அடுக்குமாடிக் குடியிருப்பும் சங்கமும்

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை வாங்கியவர் தானாகவே உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர். ‘எனக்கு வீடு வேண்டாம், சங்கத்தில் மட்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று யாரும் கேட்க முடியாது. வீட்டை விற்றால் உறுப்பினர் பதவியும் போய்விடும். உறுப்பினர் என்பதால் மொட்டை மாடி, பூங்கா எல்லாம் பயன்படுத்தலாம், சங்கக் கூட்டத்தில் கை தூக்கலாம். பத்து ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவர் அதே பூங்காவில் நடக்கலாம். கூட்டத்தில் கை தூக்க முடியாது.

இங்கே வீடு என்பது நாட்டுக் குடியுரிமை, சங்கம் என்பது ஒன்றியம். ஐரோப்பியக் குடியுரிமைக்கு என்று தனி விண்ணப்பம் கிடையாது, தனி அலுவலகமும் கிடையாது. யாரை ஜெர்மானியராக ஏற்பது என்று ஜெர்மனி முடிவு செய்யும், யாரை மால்டாக்காரராக ஏற்பது என்று மால்டா முடிவு செய்யும். மற்ற 26 நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இதற்கும் ஒரு வரம்பு உண்டு. மால்டா பெரிய முதலீட்டுக்குக் குடியுரிமை கொடுத்துவந்தது. அது குடியுரிமையை வியாபாரமாக்குவது, ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

ஓர் இடத்தில் இந்த உவமை உதவாது. சங்க உறுப்பினர் என்பதற்காக நான் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பியக் குடிமகனால் முடியும். லிஸ்பனில் பிறந்தவர் விசா கேட்காமல் பெர்லினில் வேலை தேடலாம், குடியேறலாம்.

அந்த இடத்தில் இந்தியா நல்ல உதாரணம். மதுரைக்காரர் பெங்களூருக்குப் போக யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஆனால் அடித்தளம் நேர்மாறானது. நமக்குக் குடியுரிமை தருவது தில்லி, ‘தமிழ்நாட்டுக் குடியுரிமை’ என்று ஒன்று இல்லை. ஐரோப்பாவில் மாநிலங்களைப் போல் இருக்கும் நாடுகள்தான் குடியுரிமை தருகின்றன. மேலே உள்ள அமைப்பு அதன் மேல் ஓர் அடுக்கை வைக்கிறது. இந்தியாவை வைத்துக்கொண்டு ஐரோப்பாவைப் புரிந்துகொள்ளப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இதுவரை பார்த்தது: நாட்டுக் குடியுரிமை இருந்தால் ஐரோப்பியக் குடியுரிமை ஒட்டிக்கொண்டு வரும். அது போனால் இதுவும் போகும். ஐரோப்பாவில் வசிப்பதால் மட்டும் வராது, வசிக்காததால் போகவும் போகாது.

படக்கதை படிக்க வந்த மாணவி, பண உதவி கேட்ட மாணவர்

சரி, இந்த இரண்டாவது அடுக்கால் என்ன பயன்? பட்டியல் போட்டால் ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும். இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன், இரண்டுமே மாணவர்கள் போட்டவை.

முதல் வழக்கு குடியுரிமை என்ற சொல் வருவதற்கு முன்பே நடந்தது. 1982இல் பிரான்ஸிலிருந்து ஒரு மாணவி பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் படிக்கப் போனார். அவர் எடுத்த பாடம் படக்கதை வரைவது. பெல்ஜியம் படக்கதைக்குப் பேர்போன நாடு, ஆகவே சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார். அங்கே வெளிநாட்டு மாணவர்களிடம் தனிக் கட்டணம் கேட்டார்கள், பெல்ஜிய மாணவர்களிடம் அது கிடையாது. அவர் கட்ட மறுத்து நீதிமன்றம் போனார். 1985 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: உறுப்பு நாட்டைச் சேர்ந்த மாணவரிடம் உள்ளூர் மாணவருக்கு இல்லாத கட்டணத்தை வாங்குவது பாகுபாடு, கூடாது.

இன்று இதன் மதிப்பு என்ன? நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 2024–25 கல்வியாண்டுக்குச் சட்டம் நிர்ணயித்த கட்டணம் 2,530 யூரோ. டச்சு மாணவரும் அதைத்தான் கட்டினார், கிரேக்க மாணவரும் அதைத்தான் கட்டினார். அதே வகுப்பில் உட்கார்ந்த இந்திய மாணவர் பல மடங்கு கட்டியிருப்பார். கோயம்புத்தூரிலிருந்து பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது வழக்கும் பெல்ஜியத்தில்தான். இன்னொரு பிரெஞ்சு மாணவர் 1995இல் லூவேன்-லா-நியூவ் நகரில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் சின்னச் சின்ன வேலை செய்தும் கடன் வாங்கியும் சமாளித்தார். நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும், பயிற்சிக்கும் போக வேண்டும், வேலைக்கு நேரமில்லை. வருமானம் இல்லாதவர்களுக்கு உள்ளூர் சமூகநல அலுவலகம் தரும் குறைந்தபட்ச உதவித்தொகையைக் கேட்டார். முதலில் கொடுத்தார்கள், பிறகு ‘நீ மாணவன், தொழிலாளி இல்லை, பெல்ஜியக்காரனும் இல்லை’ என்று நிறுத்திவிட்டார்கள். அதே நிலையில் ஒரு பெல்ஜிய மாணவர் இருந்திருந்தால் பணம் கிடைத்திருக்கும்.

2001 செப்டம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. ஒன்றியக் குடியுரிமை என்பது உறுப்பு நாட்டு மக்களின் அடிப்படை அந்தஸ்தாக அமைய வேண்டியது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எட்டு ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் வெறும் வார்த்தையாகக் கிடந்த ஒன்றுக்கு உயிர் வந்தது ஒரு கடைசி ஆண்டு மாணவரின் சாப்பாட்டுச் செலவால். எனக்கு இதில் பிடித்தது அதுதான். பெரிய தலைவர்கள் எழுதியதை ஒரு மாணவர் உரசிப் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டு எந்த நாட்டுக்குப் போனாலும் உதவித்தொகை கிடைக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விதிகள் பின்னால் இறுகின. பொது விதி இதுதான்: முதல் மூன்று மாதம் அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இருந்தால் போதும். அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் வேலை செய்ய வேண்டும், அல்லது படித்துக்கொண்டோ சொந்தப் பணத்திலோ மருத்துவக் காப்பீட்டோடு இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு சட்டப்படி இருந்துவிட்டால் நிரந்தர வசிப்புரிமை.

இன்னும் சில உரிமைகள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டுத் தூதரகம் இல்லாத வெளிநாட்டில் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டால், அங்கே இருக்கும் வேறு எந்த உறுப்பு நாட்டின் தூதரகமும் தன் குடிமகனுக்குச் செய்வதையே உங்களுக்கும் செய்ய வேண்டும். ஒன்றியத்தின் அமைப்புகளுக்கு 24 அதிகாரபூர்வ மொழிகளில் எதில் எழுதினாலும் அதே மொழியில் பதில் வரவேண்டும்.

வாக்கு: எங்கே போடலாம், எங்கே முடியாது

ஐரோப்பிய நாடாளுமன்றம் என்பது ஒன்றியத்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரே அவை. 1979 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். இப்போது 720 இடங்கள். ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6. சட்டத்தை முன்மொழிவது ஐரோப்பிய ஆணையம், அதாவது ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவு. அந்தச் சட்டத்தைத் திருத்துவதும் ஏற்பதும் நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றமும். நம் மக்களவை உறுப்பினர் தனிநபர் மசோதா கொண்டுவரலாம், ஐரோப்பிய உறுப்பினரால் அதுகூட முடியாது. ஆணையத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கத்தான் முடியும். ‘அப்படியென்றால் எதற்கு ஓட்டுப் போட வேண்டும்’ என்று ஐரோப்பிய இளைஞர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆணையம் எதைக் கொண்டுவந்தாலும் பெரும்பாலான விஷயங்களில் இந்த அவை தலையாட்டாமல் சட்டம் ஆகாது.

வேறு உறுப்பு நாட்டில் வசிக்கும் ஐரோப்பியக் குடிமகனுக்கு அங்கே இரண்டு தேர்தல்களில் வாக்கு உண்டு: ஐரோப்பிய நாடாளுமன்றம், உள்ளாட்சி. அந்த நாட்டின் நாடாளுமன்றத் தேர்தலில் கிடையாது. உதாரணமாக, டென்மார்க் குடியுரிமை பெற்ற ஒரு தமிழ்ப் பெண் பாரிஸில் குடியேறினால் நகர மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம், வேட்பாளராக நின்று உறுப்பினரும் ஆகலாம். மேயராக முடியாது, துணை மேயராகவும் முடியாது. அதைப் பிரான்ஸ் தன் குடிமக்களுக்கு என்று வைத்துக்கொண்டது. குடியரசுத் தலைவர் தேர்தலன்று அவர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க வேண்டியதுதான்.

வயதையும் ஒன்றியம் முடிவு செய்வதில்லை. பெரும்பாலான நாடுகளில் 18. ஆஸ்திரியா 2007இலேயே 16 ஆக்கியது, மால்டா 2018இல். 2024 தேர்தலுக்கு ஜெர்மனியும் பெல்ஜியமும் சேர்ந்துகொண்டன. கிரீஸில் 17. பெல்ஜியத்தில் வாக்களிப்பது கட்டாயம், அந்தக் கட்டாயம் பதினாறு வயதுக்காரருக்கும் உண்டு என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு சொன்னது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வாக்குச்சாவடிக்குப் போகாவிட்டால் சட்டமீறல் என்பது நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

வேட்பாளராக நிற்கும் வயது இன்னும் சீரற்றது. பல நாடுகளில் 18, இத்தாலியில் 25. 2019இல் டென்மார்க்கிலிருந்து கீரா மாரி பேட்டர்-ஹன்சன் 21 வயதில் உறுப்பினரானார். இத்தாலியில் பிறந்திருந்தால் இன்னும் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

வயதைக் குறைத்ததால் இளைஞர்கள் குவிந்துவிடவில்லை. 2024இல் மொத்த வாக்குப்பதிவு 51 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் வாக்களித்தவர்கள் 36 விழுக்காடு என்றது தேர்தலுக்குப் பிந்தைய கருத்தாய்வு. 2019இல் அது 42 ஆக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தார்கள் என்றும் இல்லை. ஜெர்மனியில் 2019இல் இளைஞர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த பசுமைக் கட்சி 2024இல் அதே வயதினரிடம் சரிந்தது, தீவிர வலதுசாரிக் கட்சி ஏறியது. ஐரோப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஐரோப்பாவை நேசிப்பார்கள் என்று நம்பியவர்களுக்கு அது நல்ல பாடம். குடியுரிமையைக் கற்பது வேறு, ஒரு கருத்தை விழுங்குவது வேறு.

எங்கே கற்றுக்கொள்கிறார்கள்?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பகுதி இருக்கும், அதை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் நம் குடிமையியல் பாடம் மாதிரியே படித்து மறப்பார்கள். நினைவில் நிற்பது வேறு.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உள்ள ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்தில் ‘யூரோஸ்கோலா’ என்று ஒரு நாள் நிகழ்ச்சி நடக்கும். பல நாடுகளிலிருந்து 16 முதல் 18 வயது மாணவர்கள் வந்து, உண்மையான உறுப்பினர்கள் உட்காரும் அதே அரைவட்ட அவையில் உட்கார்ந்து விவாதித்து வாக்களிப்பார்கள். அதில் ஒரு விளையாட்டும் உண்டு. நான்கு வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒரு குழு. கேள்வித்தாளில் கேள்விகள் பல மொழிகளில் கலந்து இருக்கும். போலிஷ் கேள்வியைப் போலந்துப் பிள்ளை சொன்னால்தான் மற்றவர்களுக்குப் புரியும். 24 மொழிகளோடு ஓர் அவையை நடத்துவது என்ன பாடு என்பதை மணிக்கணக்கில் பேசாமல் இப்படிக் காட்டிவிடுகிறார்கள்.

‘ஐரோப்பிய இளையோர் நாடாளுமன்றம்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது அரசு அமைப்பு இல்லை. 1987இல் பிரான்ஸின் ஃபோன்டென்ப்ளோ நகரில் ஒரு பள்ளித் திட்டமாகத் தொடங்கியது, இன்று இளைஞர்களே நடத்துகிறார்கள். முதலில் பரிச்சயமில்லாதவர்கள் சேர்ந்து விளையாடுவார்கள். அப்புறம் குழுவாக உட்கார்ந்து ஒரு தீர்மானம் எழுதுவார்கள், கடைசியில் எல்லோர் முன்னும் அதை வாதாடி நிறைவேற்றுவார்கள். அந்தத் தீர்மானத்துக்குச் சட்டபலம் ஏதும் இல்லை. எதிர்க்கருத்து உள்ளவரோடு ஒரே வாக்கியத்தை உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதுதான் பயிற்சி. நம் ஊர்ப் பட்டிமன்றத்தில் அணி பிரித்து வெல்வது கலை, அங்கே அணி சேர்ந்து இறங்கிவருவது கலை.

எராஸ்மஸ் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டால் முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகைதான் நினைவுக்கு வரும். அது எராஸ்மஸ் முண்டுஸ், வெளிநாட்டு மாணவர்களுக்காகப் பின்னால் வந்த கிளை. மூலத் திட்டம் 1987இல் தொடங்கியது: சொந்தக் கல்லூரியில் சேர்ந்தபடியே ஒரு பருவமோ ஓர் ஆண்டோ வேறு நாட்டுக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்புவது, மதிப்பெண்கள் சொந்தக் கல்லூரியில் கணக்கில் வரும். முதல் ஆண்டு 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல். இப்போது மாணவர்கள் மட்டுமல்ல, தொழிற்பயிற்சி பெறுபவர்களும் ஆசிரியர்களும் போகலாம்.

2018 முதல் இன்னொன்று: ‘டிஸ்கவர் ஈயூ’. பதினெட்டு வயது நிரம்பியவர்கள் விண்ணப்பித்து, ஒன்றியத்தைப் பற்றி ஐந்து கேள்விகளுக்கும், சமநிலை வந்தால் பிரிக்க ஒரு கூடுதல் கேள்விக்கும் பதில் சொன்னால், தேர்வானவர்களுக்கு ஒரு மாதம் வரை சுற்ற ரயில் பயணச்சீட்டு இலவசம். ‘இது குடியுரிமைக் கல்வியா, சுற்றுலாவா?’ என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நடு இரவில் தெரியாத ஊரில் ரயிலைத் தவறவிட்டு அடுத்த ரயிலைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் கல்விதான் என்பேன்.

சுருக்கமாக: கற்பதற்கு அவை, குழு, கல்லூரி, ரயில் என்று வழிகள் உண்டு. இவற்றில் எதுவும் சட்டத்தை மாற்றாது. சட்டத்தைத் தொடும் வழி ஒன்று தனியாக இருக்கிறது.

பத்து லட்சம் கையெழுத்து

ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சி என்று அதற்குப் பெயர். 2012 ஏப்ரலில் தொடங்கியது. ஏழு வெவ்வேறு உறுப்பு நாடுகளில் வசிக்கும் ஏழு குடிமக்கள் ஒரு கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆண்டுக்குள் 10 லட்சம் கையெழுத்து சேர்க்க வேண்டும். எல்லாமே ஒரே நாட்டிலிருந்து வந்துவிடக் கூடாது என்பதால், குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்சத்தை எட்ட வேண்டும். இந்தக் குறைந்தபட்சம் அந்த நாட்டின் நாடாளுமன்ற இடங்களை 720ஆல் பெருக்கினால் வரும்: ஜெர்மனிக்கு 69,120, மால்டாவுக்கு 4,320.

விடியோ கேம் ஆடுபவர்கள் போட்ட மனுவை எடுத்துக்கொள்வோம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை, நிறுவனம் சர்வரை நிறுத்தியதும் யாராலும் ஆட முடியாமல் போகிறது. விற்ற விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகச் சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை. 2024 ஜூலை 31 முதல் ஓர் ஆண்டு ஓடியது. பல மாதங்கள் மந்தமாகக் கிடந்து, கடைசி வாரங்களில் யூட்யூபர்கள் கையில் எடுத்ததும் பறந்து, 14 லட்சத்தைத் தாண்டியது.

இதில் நம் பாடத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பிரசாரத்தின் முகமாக இருந்தவர் ராஸ் ஸ்காட் என்ற யூட்யூபர். ஐரோப்பாவில் வசிக்கும் அமெரிக்கர். அமைப்பாளர் குழுவில் இருக்க ஒன்றியக் குடியுரிமை வேண்டும், ஆகவே ஊரையே கூட்டியவருக்கு மனுவில் இடமில்லை. ஒன்றியத்தை விட்டு விலகிவிட்ட பிரிட்டனின் குடியுரிமை மட்டும் உள்ள ரசிகர்களாலும் அதில் கையெழுத்திட முடியாது, அவர்கள் தங்கள் நாடாளுமன்றத்துக்குத் தனி மனு போட்டார்கள். வாடகைக்கு இருப்பவரும், சங்கத்தை விட்டு விலகியவரும்!

கையெழுத்துகளை ஒவ்வொரு நாடும் சரிபார்க்கும். தேறினால் ஆணையம் அமைப்பாளர்களைச் சந்தித்து, ஆறு மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சட்டம் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முதலில் வென்ற முன்முயற்சி தண்ணீர் ஓர் உரிமை என்று கேட்டது. 2020இல் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டதில் அதன் கை உண்டு, ஆனால் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. பண்ணை விலங்குகளைக் கூண்டில் அடைப்பதை நிறுத்தச் சொன்ன முன்முயற்சிக்கு 14 லட்சம் கையெழுத்து. 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு வரும் என்று ஆணையம் வாக்குக் கொடுத்தது. 2023 முடிந்தது, முன்மொழிவு வரவில்லை.

ஆகவே இதை விண்ணப்பம் என்று நினைத்தால் ஏமாற்றம் இல்லை, உத்தரவு என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஒரு நாடு வெளியேறினால்

2020 ஜனவரி 31 நள்ளிரவில் பிரிட்டன் வெளியேறியது. வேறு உறுப்பு நாட்டுக் குடியுரிமை இல்லாத பிரிட்டிஷ் குடிமக்கள் எல்லோரும் அந்த நொடியில் ஐரோப்பியக் குடியுரிமையை இழந்தார்கள். 2016 வாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்கு வாக்கு இல்லை. இழப்பு மட்டும் அவர்களுக்கும் சேர்த்து.

பிரான்ஸின் ஜெர் மாவட்டத்தில் 1984 முதல் வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ் பெண் அதுவரை உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்து வந்தவர். வெளியேற்றத்துக்குப் பிறகு பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டார். குடியுரிமை ஒட்டிக்கொண்டு வந்தது, மூலம் போனதும் அதுவும் போயிற்று என்று 2022இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரிட்டன் வெளியேறுவதற்கு முன்பு நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் குடியுரிமை பெற்ற இலங்கைத் தமிழர் பலர் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவுகளுக்காகவும் லண்டன் பக்கம் குடிபெயர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் விசா இல்லாமல் போனது இந்த இரண்டாவது அடுக்கின் பலத்தில்தான். பெயர் தெரியாமலேயே பயன்படுத்தினார்கள்.

பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட். அதன் கதை இன்னும் வேடிக்கை. வட அயர்லாந்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக் குடியுரிமையும் கேட்டுப் பெறலாம் என்பது 1998 அமைதி உடன்பாட்டின் பகுதி. ஆகவே ஒரே தெருவில் ஐரிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் ஐரோப்பியக் குடிமகன், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. ஆனால் அயர்லாந்து தன் எல்லைக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ஐரோப்பியத் தேர்தலில் வாக்குத் தருவதில்லை. பெல்ஃபாஸ்ட் ஐரோப்பியக் குடிமகனுக்கு வாக்கு இல்லை. புதுச்சேரியில் உள்ளவருக்கு உண்டு.

வாடகைக்கு இருப்பவர்கள்

ஜெர்மனியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறுமியாகப் போனவள், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு. தம்பி அங்கேயே பிறந்தவன். பெற்றோர் போதிய ஆண்டுகள் சட்டப்படி வசித்திருந்ததால் அவனுக்குப் பிறப்பிலேயே ஜெர்மன் குடியுரிமை. 2024இல் அவனுக்கு 16 வயது. வாக்காளர் அறிவிப்புக் கடிதம் அவன் பெயருக்குத் தபாலில் வரும். அக்காவுக்கு வராது. கேம் மனுவில் அவன் கையெழுத்துப் போடலாம். தினமும் அவனோடு உட்கார்ந்து அதே கேமை ஆடும் அக்காவால் முடியாது.

அதற்காக அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தால் எராஸ்மஸில் போகலாம், அதற்குக் கடவுச்சீட்டின் நிறம் தடையில்லை. வயது பொருந்தினால் ரயில் பயணச்சீட்டுக்கும் சட்டப்படி வசிப்பவர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தனியாளாக மனு அனுப்பலாம், ஒன்றிய அலுவலகங்கள் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். இந்த இரண்டும் குடிமக்களுக்கு மட்டுமல்ல, ஒன்றியத்தில் வசிக்கும் எல்லோருக்கும் உண்டு.

மனுவை இணையத்திலேயே எழுதி அனுப்பிவிடலாம். 24 மொழிகளில் ஏதாவது ஒன்றில் இருக்க வேண்டும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அக்கா எப்படியும் ஜெர்மன் மொழியில்தான் எழுதுவாள்.